தோல் பிரேக்

கனகராஜுக்கு மலை ஏறுவதில் பயம் கிடையாது. இறங்குவதில்தான் பயம். கேட்டால் சிரிப்பீர்கள், சிரியுங்கள். பல்லியைக் கண்டு கட்டில்மேல் ஏறி நிற்கிற ஆண்பிள்ளைகளையும், ஊசியைப் பார்த்ததும் கொல்லைப்பக்கம் நழுவுகிற பயில்வான்களையும் எனக்குத் தெரியும். இவனுக்கு இறக்கம். சைக்கிளின் முன்சக்கரம் கீழ்நோக்கிச் சாய்ந்த மாத்திரத்தில் அடிவயிற்றில் ஏதோ கழன்றுவிடும், உள்ளங்கை வியர்த்து ஹேண்டில்பார் வழுக்கும். ஏன் என்று அவனுக்கே தெரியாது. அவன் எங்கேயும் விழுந்தவன் இல்லை, விழுந்தவனைப் பார்த்தவனும் இல்லை.

அப்படிப்பட்டவனின் பெண்டாட்டிக்குத்தான் மலைமேல் வேலை கிடைத்தது. எண்பத்தொன்றில் ஆரோக்கியமேரிக்கு டீச்சர் உத்தரவு வந்தபோது வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எந்த ஊர் என்று பார்த்தால் நெல்லிக்கொல்லை. ஆம்பூருக்குத் தெற்கே மலைக்குமேல், பஸ் கிடையாது, கரண்டு கிடையாது, ஒரு பள்ளிக்கூடம், நாற்பது வீடு. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸில் மேரியும் மகள் செலினும். கனகராஜுக்குத் தோல் கம்பெனியில் வேலை என்பதால் அவன் கீழே ஆம்பூரில். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்து மலையேறுவான். ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிடுவான்.

பாதையைக் குறை சொல்ல முடியாது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் விறகும் ஏற்றிய மாட்டுவண்டிகளுக்காகக் காட்டிலாகாக்காரர்கள் அந்தக் காலத்தில் வளைத்து வளைத்துப் போட்ட பாதை. மாடு முக்காமல் முனகாமல் போய்வர வேண்டும் என்று யோசித்துப் போட்டதால் எங்கேயும் செங்குத்து இல்லை. எட்டு மைல், ஒன்பது வளைவு, எட்டு மைலும் ஏற்றம்தான், ஆனால் சுலபமான ஏற்றம். மிதித்துக்கொண்டே இருந்தால் போதும், ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் ஆம்பூர் ரயில்வே லைன் கோடு போட்டதுபோலக் கீழே கிடக்கும். மற்றவர்கள் எல்லாம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறி, உட்கார்ந்து இறங்குவார்கள். கனகராஜ் உட்கார்ந்து ஏறுவான், தள்ளிக்கொண்டு இறங்குவான். உலகத்திலேயே இப்படி ஒரு ஆள்.

இதை அவன் யாருக்கும் சொல்லவில்லை. ஞாயிறு மூன்று மணிக்கு மேரியும் செலினும் வாசலில் நின்று கையாட்ட, ராஜா மாதிரி சைக்கிளில் ஏறிக் கிளம்புவான். மேலிருந்து முதல் வளைவு வரைக்கும் தரை கிட்டத்தட்ட மட்டம். வளைவு திரும்பியதும் இறங்கிவிடுவான். எதிரே யாராவது வந்தால் சட்டென்று குந்தி உட்கார்ந்து செயினை நோண்டுவான். "இன்னாப்பா, வாரம் தவறாம உன் செயின் மட்டும் கழலுது" என்று ஃபாரஸ்ட் கார்டு ஒருத்தர் கேட்டதும் உண்டு. "பழைய சைக்கிள் சார்" என்று இவன் பல்லை இளித்ததும் உண்டு.

பொய் அதோடு நின்றிருந்தால் ஒரு கேடும் இல்லை. அது கம்பெனிக்கும் போனது.

கனகராஜுக்குக் கம்பெனியில் எண்ணெய் போடுகிற வேலை. பட்டைத் தண்ணீரில் ஊறிப் பதமாகி வந்த தோலுக்குப் புங்க எண்ணெயையும் மீன் எண்ணெயையும் கலந்து கையாலேயே தேய்த்துத் தேய்த்து உள்ளே இறக்க வேண்டும். எண்ணெய் குடித்த தோல்தான் விறைக்காமல் இருக்கும். அந்த வாசனை ஞாயிற்றுக்கிழமை சோப்பு போட்டுக் குளித்தாலும் அவன் சட்டையைவிட்டுப் போகாது. ஒருநாள் அவன் சைக்கிளில் பிரேக் கட்டை ரப்பர் தேய்ந்து போயிருப்பதைப் பார்த்த மேஸ்திரி மஹபூப் பாஷா, "ரப்பருக்குப் போய் இன்னாத்துக்குப்பா பேஜார், நம்மகிட்ட இல்லாத தோலா" என்று சொல்லிக் கெட்டித் தோலில் நாலு துண்டு வெட்டி, கட்டைக்குள் அடித்துச் செருகிக் கொடுத்தார். ஆம்பூர் பஜார் தெருவில் அது கச்சிதமாகப் பிடித்தது. ரப்பர் மாதிரி கிறீச்சிடவும் இல்லை.

"மலையில எப்படி?" என்று மறுவாரம் பாஷா கேட்டார். என்ன சொல்வான்? தள்ளிக்கொண்டு வந்தேன் என்றா? "சூப்பர் பாய். ஒன்பது வளைவும் கல்லு மாதிரி நிக்குது" என்றான். மலையிலேயே நிற்கிறது என்றால் அப்புறம் என்ன, ஆறே மாதத்தில் கம்பெனி சைக்கிள் ஸ்டாண்டில் இருந்த அறுபது சைக்கிளுக்கும் தோல் பிரேக் ஆகிவிட்டது. "கனகராஜ் மலையில டெஸ்ட் பண்ணது" என்று அதற்கு ஒரு பேர் வேறு. அவனும் வாயை மூடிக்கொண்டு பெருமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

எண்பத்துமூன்று ஜூலையில் ஒரு ஞாயிறு, மதியம் ஒரு மணி. சாப்பாடு முடிந்து கனகராஜ் பாயில் சாய்ந்திருந்தான். ஐந்து வயது செலின் டீச்சர் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். மேரி பிள்ளைகளுக்கு எண்ணிக்கை சொல்லிக் கொடுக்க ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையப் புளியங்கொட்டை வைத்திருந்தாள். அதை எடுத்து அப்பனுக்குப் பாடம் நடந்தது. கொட்டைகளை வாயில் அடக்கிக்கொண்டு, "எத்தினி இருக்குது சொல்லு நைனா" என்றாள். அவன் வேண்டுமென்றே "நூறு" என்றான். கன்னம் இரண்டும் உப்பியிருக்க அவள் இல்லையென்று தலையாட்டினாள். "அப்ப ஆயிரம்" என்று சொல்லி அவள் விலாவில் விரலால் கிச்சுக்கிச்சு மூட்டினான். செலின் சிரித்தாள்.

சிரிப்பு பாதியில் இருமலானது. கொட்டைகள் பாயில் சிதறின. இருமினாள், இன்னும் இருமினாள், முகம் கறுத்தது. மேரி ஓடிவந்து தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டினாள். அப்போது மூச்சே நின்று உதடு நீலம் பாய, அலறிக்கொண்டு நிமிர்த்திப் பிடித்தாள். நிமிர்த்தியதும் மூச்சு வந்தது. ஆனால் அந்த மூச்சோடு கூடவே ஒரு விசில் வந்தது. உள்ளே இழுக்கும்போது மெல்லிசாக ஒன்று, வெளியே விடும்போது இன்னொன்று.

நெல்லிக்கொல்லையில் டாக்டர் இல்லை. டிஞ்சரும் மாத்திரையும் வைத்திருக்கிற கம்பவுண்டர் கங்காதரன் ஒருத்தர்தான். அவர் செலினின் மார்பில் காதை வைத்துக் கேட்டார். பிறகு மேரியைப் பார்க்காமல் கனகராஜைப் பார்த்துப் பேசினார்.

"கொட்டை மூச்சுக்குழல்ல இருக்குதுப்பா. இப்போதைக்கு ஓரமா காத்து போய்ட்டு வருது. ஆனா புளியங்கொட்டைக்கு ஈரம் பட்டா ஊறும், ஊறினா பெருக்கும். பெருத்து அடைச்சிடுச்சின்னா முடிஞ்சது. என்னால ஆவாது. ஆம்பூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்டு, அங்கேருந்து வேலூர் அனுப்புவாங்க. படுக்க வைக்காதே, தண்ணி குடுக்காதே, அழவிடாதே."

"எவ்ளோ நேரத்துல பெருக்கும் சார்?" என்று மேரி கேட்டாள்.

"அதை யார்மா சொல்ல முடியும்? மூணு மணி நேரம் ஆவலாம். அதுக்குள்ளயும் ஆவலாம்."

சந்தை நாளில் வரும் லாரி வியாழக்கிழமைதான் வரும். தூக்கிக்கொண்டு நடந்தால் பாதையில் மூன்று மணி நேரம். குறுக்கே ஒற்றையடிப் பாதை இருக்கிறது, ஆனால் பாறைக்குப் பாறை தாவி இறங்க வேண்டும், பிள்ளையை வைத்துக்கொண்டு முடியாது. எல்லோர் கண்ணும் சுவரில் சாய்ந்திருந்த சைக்கிளுக்குப் போனது. கனகராஜின் கண் மட்டும் போகவில்லை. அது எங்கே நிற்கிறது என்று பார்க்காமலே அவனுக்குத் தெரிந்தது.

"நீதான் அரை மணியில இறங்கிடுவியே கனகராஜ்" என்றார் கம்பவுண்டர்.

கனகராஜ் மேரியைப் பார்த்தான். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிள்ளையின் விசிலைக் கேட்டாள், மூடிக்கொண்டாள். தன் பழைய புடவை ஒன்றைக் கொண்டுவந்து, செலினைக் கேரியரில் உட்கார வைத்து, அவன் முதுகோடு சேர்த்து இரண்டு சுற்று சுற்றி, அவன் நெஞ்சின்மேல் மூன்று முடிச்சுப் போட்டாள். அவன் வேகமாகப் பெடலில் காலை வைத்தான்.

"நான் குறுக்கால வர்றேன். மெதுவாப் போங்க" என்றாள்.

முதல் வளைவு. எப்போதும் இறங்குகிற இடத்தில் கால் தானாகத் தரையைத் தேடியது. முதுகில் அந்த விசில் கேட்டது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. காலை மறுபடியும் பெடலில் வைத்தான். சக்கரம் கீழ்நோக்கிச் சாய்ந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக கனகராஜ் மலையிலிருந்து சைக்கிளில் இறங்கினான்.

இரண்டு பிரேக்கையும் விடாமல் பிடித்திருந்தான். மலைப்பக்கம் முள் அடர்ந்த உண்ணிப் புதர், மறுபக்கம் ஒன்றும் கிடையாது, மரங்களின் உச்சி மட்டும்தான் தெரியும். அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. முன்சக்கரத்துக்கு இரண்டு முழம் முன்னாலிருந்த மண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு போனான். இரண்டாவது வளைவு திரும்பியது. மூன்றாவதும் திரும்பியது. பிரேக் பிடித்தது. சொன்னால் சொன்னபடி சக்கரம் கேட்டது.

இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருஷம் பயந்தோம் என்று ஒரு நினைப்புக்கூட எட்டிப் பார்த்தது. பாவம், பார்த்துவிட்டுப் போகட்டும்.

"நைனா" என்றாள் செலின். குரல் கரகரத்தது.

"பேசாதம்மா. மூச்சு மட்டும் வுடு."

"நைனா, ஜோரா இருக்குது."

நாலாவது வளைவில் அவனுக்கு எண்ணெய் வாசனை அடித்தது. புங்க எண்ணெய், மீன் எண்ணெய். வேறு யாராவது என்றால் என்ன வாசனை என்று திடுக்கிட்டிருப்பான். இவனுக்குத்தான் எந்நேரமும் சட்டையில் அது அடித்துக்கொண்டிருக்குமே. வியர்வையில் கிளம்புகிறது என்று விட்டுவிட்டான்.

ஐந்தாவது வளைவு நெருங்கும்போது பிரேக்கை இறுக்கினான். சக்கரம் கேட்கவில்லை. இன்னும் இறுக்கினான். லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டது. சக்கரம் தன் பாட்டுக்குப் போயிற்று. விட்டுப் பிடித்தான், விட்டுப் பிடித்தான். முன்பிரேக்கும் அதே கதை, பின்பிரேக்கும் அதே கதை. ஏதோ வெண்ணெயில் கையை வைத்துத் தடுப்பதுபோல இருந்தது. உடம்பைச் சாய்த்து எப்படியோ ஐந்தாவது வளைவைத் திருப்பினான். பின்சக்கரம் ஜல்லியில் அரைமுழம் பள்ளத்துப் பக்கம் இழுத்துவிட்டு மறுபடியும் நேரானது.

கத்தினால் பிள்ளை பயப்படும், பயந்தால் அழும், அழுதால் கொட்டை நகரும். அதனால் கத்தவில்லை. "மாதாவே, மாதாவே" என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டான், அதற்கு மேல் ஜெபம் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. இரண்டு கால்களையும் பெடலிலிருந்து எடுத்துத் தரையில் தேய்த்தான். செருப்பு வலது காலில் பிய்ந்து பின்னால் போயிற்று. வெறும் குதிகாலில் ஜல்லி கிழித்தது. கொஞ்சம் வேகம் குறைந்தது, மறுபடியும் ஏறியது. எட்டு மைலும் சுலபமான சரிவு என்றால், எட்டு மைலும் சைக்கிள் நிற்காது என்றும் அதற்கு அர்த்தம் இருக்கிறது. ஏறும்போது அதை யாரும் யோசிப்பதில்லை.

ஆறாவது வளைவுக்கு முன்னால் ஒரு கட்டைவண்டி விறகு ஏற்றிக்கொண்டு கீழே போய்க்கொண்டிருந்தது. பாதை முழுக்க அதன் அகலம்தான். பள்ளத்துப் பக்கம் ஒரு ஆள் நடக்கிற அளவுக்கு இடம் இருந்தது. கனகராஜ் பெல்லை அடித்தான். வண்டிக்காரன் திரும்பிப் பார்ப்பதற்குள் சைக்கிள் அந்தச் சந்தில் நுழைந்துவிட்டது. வண்டிச்சக்கரத்தின் அச்சாணி அவன் முழங்கையைத் தேய்த்தது. இந்தப் பக்கம் சக்கரத்துக்கடியில் மண் சரிந்து பள்ளத்தில் உதிர்கிற சத்தம் கேட்டது. "எவன்டா அவன், சாவப் போறியா" என்று வண்டிக்காரன் பின்னால் கத்தினான். நியாயமான கேள்விதான்.

ஆறாவது வளைவு எப்படித் திரும்பியது என்று அவனுக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

அடுத்து நேர்ப்பாதை, அதன் முடிவில் ஏழாவது வளைவு. அது மற்றதைப்போல இல்லை, கொண்டைஊசி. ஏறும்போது அவன் எப்போதும் ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிற இடம். வளைவுக்கு அப்பால் வானம்தான் தெரிந்தது. இந்த வேகத்தில் அதைத் திருப்ப முடியாது. அது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கணக்கில் வீக்கானவன்தான், ஆனால் இந்தக் கணக்கு ஒரு நொடியில் போட்டாகிவிட்டது.

விழத்தான் வேண்டும். எங்கே விழுவது என்பதுதான் பாக்கி.

இவ்வளவு நாள் எதற்குப் பயந்தானோ அதையே கையால் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மலைப்பக்கத்தில் தண்ணீர் ஓடுகிற சாக்கடைக் குழி, அதற்குமேல் ஆள் உயரத்துக்கு உண்ணிப் புதர். "செலினு, நைனாவைக் கெட்டியாப் புடி" என்றான். சின்னக் கைகள் வயிற்றை இறுக்கின. ஹேண்டில்பாரை மலைப்பக்கம் ஒடித்தான்.

முன்சக்கரம் குழியில் இறங்கியது. சைக்கிள் நின்றது, அவர்கள் நிற்கவில்லை. பிள்ளை அடியில் போய்விடக்கூடாது என்ற ஒரே நினைப்பில் கையை முன்னால் விரித்துக் குப்புறப் போய்ப் புதரில் விழுந்தான். முள் முகத்தில் கீறியது. தோளில் ஏதோ மளுக்கென்றது. அப்புறம் எல்லாம் அடங்கியது.

அடங்கியது என்றால் முழுக்க அடங்கியது. விசிலும் இல்லை.

முதலில் ஒரு கணம் அவனுக்கு அது நிம்மதியாக இருந்தது, அப்படி ஒரு சண்டாள மனசு மனுஷனுக்கு. அடுத்த கணம் புரிந்தது. "செலினு" என்றான். பதில் இல்லை. முதுகின்மேல் அவள் உடம்பு துடிப்பது தெரிந்தது, கால்கள் உதைப்பது தெரிந்தது, சத்தம் மட்டும் இல்லை. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். மேரி போட்ட முடிச்சு, மூன்று. இடது கை தோளிலிருந்து வேலை செய்யவில்லை. வலது கையாலும் பல்லாலும் பிய்த்தான். ஒன்று அவிழ்ந்தது. இரண்டு. மூன்றாவதைப் பல்லால் இழுத்து ஈறில் ரத்தம் வந்தது. புடவை தளர்ந்ததும் பிள்ளையை முன்னால் இழுத்தான். வாய் திறந்திருந்தது. கண் அவனையே பார்த்தது. உதடு நீலம்.

தலைகீழாகப் பிடித்தபோது மூச்சு நின்றதை அவன் பார்த்திருக்கிறான். ஆனால் இப்போது நிற்பதற்கு மூச்சே இல்லை. குழியின் விளிம்பில் உட்கார்ந்து தொடையின்மேல் குப்புறப் போட்டான், தலை தொங்கியது. தோலில் எண்ணெய் ஏற்றிக் காய்த்துப்போன உள்ளங்கையால் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் அடித்தான். ஒன்று. பெற்ற பிள்ளையை அதற்குமுன் ஒருநாளும் அடித்ததில்லை. இரண்டு. மூன்று. "வாடி, வாடி" என்று அழுதுகொண்டே அடித்தான். நாலு. ஐந்தாவது அடியில் எதிர்ச்சத்தம் ஒன்று கேட்டது, கமறல் மாதிரி. புழுதியில் ஏதோ விழுந்தது.

பிறகு அவள் அழுதாள். தொண்டை நிறைய, நெஞ்சு நிறைய, மலை முழுக்கக் கேட்கிறாற்போல அழுதாள். நடுவில் விசில் இல்லை. கனகராஜும் அவளைக் கட்டிக்கொண்டு அவளைவிடச் சத்தமாக அழுதான். அடியில் கிடந்த கொட்டை ஊறித் தோல் வெடித்து, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. வாயில் போட்டதைப்போல ஒன்றரை மடங்கு இருந்தது.

கொஞ்சம் அடங்கியதும் அவன் கண் சைக்கிளுக்குப் போனது. முன்சக்கரம் எட்டாக வளைந்திருந்தது. ரிம்மைத் தொட்டான், கை சுட்டது. சுட்ட விரலை மூக்கருகே கொண்டுபோனான். புங்க எண்ணெய், மீன் எண்ணெய். தோல் துண்டுகள் சூட்டில் தாங்கள் குடித்ததையெல்லாம் கக்கி ரிம் முழுக்கப் பூசியிருந்தன. எண்ணெயை உள்ளே இறக்குவதே தொழிலாக வைத்திருப்பவன், சூடு பட்டால் அது வெளியே வரும் என்று யோசிக்கவில்லை. ஒரே ஒரு தடவை இந்த மலையில் உட்கார்ந்து இறங்கியிருந்தால் தெரிந்திருக்கும். இரண்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவை. திரும்பி உட்கார்ந்து வாந்தி எடுத்தான்.

மேலே கற்கள் உருண்டன. மேரி குறுக்குப் பாதையில் வந்துகொண்டிருந்தாள், வந்தாள் என்பதைவிட விழுந்தாள் என்பது பொருத்தம். புடவை முழங்கால்வரை கிழிந்திருந்தது, இரண்டு காலிலும் ரத்தம். பிள்ளையை வாங்கி மார்பில் காதை வைத்தாள். வெகுநேரம் கேட்டாள். பிறகு தரையில் கிடந்த கொட்டையைப் பார்த்து, காலால் மிதித்து நசுக்கினாள்.

"மேரி, பிரேக்கு புடிக்கல" என்றான் கனகராஜ். "என் தப்புதான். நான் ஒருநாளும்..."

"தெரியும்" என்றாள் மேரி.

"இன்னா தெரியும்?"

"ஸ்கூலுக்குப் பின்னால பாறை இருக்குதில்ல, அங்கேருந்து மூணாவது வளைவு தெரியும். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீங்க கிளம்பினதும் அங்க போய் நிப்பேன். நீங்க தள்ளிக்கினு போறதப் பாத்துட்டுத்தான் வூட்டுக்குள்ள போவேன். அப்பாடா, பத்திரமா போய்ச் சேர்ந்துடுவார்னு." செலினின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். "இன்னிக்கும் பாத்தேன். உக்காந்துனு போனீங்க. அப்பதான் எனக்கு உயிரே போச்சி. அங்கேருந்து ஓடறேன்."

"கிளம்பறதுக்கு முன்னாலயே சொல்லக்கூடாதா?"

"எப்படிச் சொல்வேன்? இவளுக்கு வேற வழி இல்லியே."

விறகு வண்டிக்காரன் வந்து சேர்ந்தான். திட்டுவதற்கென்று வாயைத் திறந்தவன், மூன்று பேர் இருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு விறகில் பாதியைத் தள்ளி இடம் பண்ணிக் கொடுத்தான். ஆம்பூர் ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். அப்பனுக்குத்தான் காறை எலும்பு முறிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை கையைத் துணியில் தொட்டில்போலக் கட்டிக்கொண்டு கனகராஜ் கம்பெனிக்குப் போனான். லீவு சொல்லத்தான் போனான் என்று எல்லோரும் நினைத்தார்கள். சேதி அவனுக்கு முன்னால் வந்திருந்தது. புள்ளையைக் கட்டிக்கினு மலை இறங்கினானாமே, தைரியம்னா அது தைரியம் என்று ஆளாளுக்கு வந்து நல்ல தோளில் தட்டினார்கள். அவன் நேரே சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனான். அறுபது சைக்கிள் வரிசையாக நின்றன. பாஷாவும் பின்னாலேயே வந்தார்.

"பாய், தோல் பிரேக்கை எல்லாரும் கழட்டிடணும். இறக்கத்துல சூடாயி எண்ணெய் கக்குது. புடிக்கல."

பாஷா புருவத்தை உயர்த்தினார். "இன்னாப்பா பேசற. ரெண்டு வருஷமா அதுலதானே மலை இறங்கற? அப்பல்லாம் கக்கல, இப்ப மட்டும் கக்குச்சா? உன் துண்டுல எண்ணெய் ஜாஸ்தியா இருந்திருக்கும். நம்ம நிசாரும் ஜமாலும் வர்ற வெள்ளிக்கிழமை ஏலகிரி போறாங்க, இதே பிரேக்குதான். நீ சொன்ன தைரியத்துலதான் போறாங்க."

நிசார், பாஷாவின் மூத்த மகன். அவனுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை.

கூட்டம் சேர்ந்துவிட்டது. இருபது பேருக்குக் குறையாது. எண்ணெய் செக்‌ஷன், பட்டை செக்‌ஷன், கேட் வாட்ச்மேன்கூட. கனகராஜுக்கு உள்ளங்கை வியர்த்தது. அடிவயிற்றில் அந்தப் பழைய கழற்சி வந்தது. சமதரையில் நின்றுகொண்டிருக்கும்போது அது வந்தது அதுதான் முதல்முறை.

"அப்பல்லாம் நான் உக்காந்து இறங்கினதே இல்ல பாய்" என்றான். "பயம். ரெண்டு வருஷமா தள்ளிக்கினுதான் வந்தேன். கல்லு மாதிரி நிக்குதுன்னு சொன்னது பொய்."

ஒருத்தன் சிரித்தான். இன்னும் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தார்கள். மஹபூப் பாஷா சிரிக்கவில்லை. வாட்ச்மேனிடம் குறடு வாங்கிக்கொண்டு, லுங்கியை மடித்துக் கட்டி, மகனுடைய சைக்கிளின் முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்தார்.